பென்சில் குறி

"நாப்பத்தஞ்சு வருஷமா ஊர்ச் சனத்தையெல்லாம் எழுப்பி எழுப்பி ஓட்டுப் போட வச்சேன், கடைசியில என் வீட்டு வாசல்லயே வந்து கவரை நீட்டுறான், இதுக்கு மேல நான் எதுக்கு வரணும், நீ போய்க்க, நான் வரலை." அறிவுடைநம்பி இதைச் சொல்வது காலையிலிருந்து நாலாவது தடவை. முதல் தடவை பல் விளக்கும்போது, இரண்டாவது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு, நாலாவது அவள் செருப்பில் கால் நுழைக்கும்போது; ஒரு சொல் கூடவுமில்லை குறையவுமில்லை, மேடையில் பேசிப் பழகின வாய் இல்லையா, ஒரே பேச்சை நாலு தெருமுனையில் பேசுகிற மாதிரிதான் பெண்டாட்டியிடமும். "வராட்டி போங்க, உங்களை யாரு தூக்கிட்டா போகப்போறா" என்று சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜ் மேலிருந்த அடையாள அட்டைக்கட்டை அப்படியே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பூத்துக்குள் ஆகாது என்று போனை மேஜையிலேயே விட்டுவிட்டு, கேட்டைப் படாரென்று சாத்திக்கொண்டு ஹேமலதா கிளம்பி வந்துவிட்டாள். வந்து பெண்கள் வரிசையில் நின்று, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அந்தச் சொல் வந்து தொண்டையில் நின்றது. தூக்கிட்டுப் போக. எழுபது வயது மனுஷனைப் பார்த்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, தூக்கிட்டுப் போக. வேறு சொல்லே கிடைக்கவில்லையா இந்த வாய்க்கு. இழுத்துட்டு என்று சொல்லியிருக்கலாம், கூட்டிட்டு என்று சொல்லியிருக்கலாம், சும்மாவே கூட இருந்திருக்கலாம், அதுதான் இந்த ஜென்மத்தில் நடக்காது. எட்டு மணிக்கே வெயில் உறையூர் பூராவும் ஏறி உட்கார்ந்திருந்தது. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு பந்தல், அதுவும் ஆண்கள் வரிசைப் பக்கமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள், போட்டவன் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். அந்த வரிசையை அவள் வேண்டாம் வேண்டாமென்று நினைத்துக்கொண்டே தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை பார்த்தாள். இல்லை. வரவில்லை. வராட்டி போகட்டும்.

முன்னால் நின்ற ரமீஜா திரும்பிப் பார்த்தாள். அடுத்த தெரு, ரவிக்கை தைப்பவள், அளவெடுக்கிற பார்வையை எங்கேயும் விடமாட்டாள். "சார் எங்கக்கா? அவரு ஏஜென்ட்டா வந்து உட்காராம இந்தப் பூத்து தொறந்து நான் பார்த்ததே இல்ல" என்றாள். பின்னாடியே வர்றார் என்று ஹேமலதா சொன்னாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது; பொய் சொல்வதற்கு ஒரு வினாடி தயங்கவேண்டும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடெட் சொல்லிக்கொடுத்தது எங்கே போயிற்று. பின்னாடியே வர்றார். ஈசிசேரில் காலை நீட்டிக்கொண்டு, பார்க்காத டிவியை ஓடவிட்டுக்கொண்டு பின்னாடியே வர்றார். ரமீஜா அடுத்ததாகக் கேட்டது ரேஷன் கார்டு செல்லுமா என்பது, வாக்காளர் அட்டை எங்கேயோ வைத்துவிட்டாளாம். செல்லாது என்று இவள் சொன்னாள், சொல்லிவிட்டுத் தன் வாயிலிருந்து அவருடைய பாராயணம் அப்படியே வருவதைக் கேட்டாள்: ஆதார் இருந்தா போதும், இல்லாட்டி லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, பூத் சிலிப் மட்டும் கையில வச்சுக்கிட்டு வந்தா உள்ளே விடமாட்டான். ஜெபமாலை உருட்டுகிற மாதிரி எத்தனை தேர்தலுக்கு எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பார் இதை, அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டே இவளுக்கு மனப்பாடம். ரமீஜா ஆதாரைக் காட்டிச் சிரித்தாள். அவள் பேர் பட்டியலில் எத்தனாவது என்றுகூட அவருக்குத் தெரியும். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர், இந்தப் பூத்தில். யார் எந்த வீடு, யார் திருப்பூருக்குப் போய்விட்டான், யார் போன மாசியில் செத்தாள், எல்லாம் தெரியும். பட்டியல் கையில் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் ஒரு குறி போடுவார். வெளியூர். இறப்பு. உறுதி. அவர் உறுதி என்று எழுதினால் அந்த ஓட்டு உறுதிதான். சாம்பார் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று இவள் நின்றுகொண்டே இருப்பாள்.

அந்தப் பட்டியல்தான் மூன்று நாளைக்கு முன்னால் வாசலுக்கு வந்தது. ஏதோ ஒரு பையன், அவர் கட்சிப் பையன்தான், கழுத்தில் அவர் கட்சித் துண்டு, கையில் அவருடைய பட்டியலின் ஜெராக்ஸ். அவர் பென்சில் குறியெல்லாம் கறுப்பாக விழுந்திருந்தது. "அய்யா, உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து" என்று பணக் கவரை நீட்டினான், பால் பாக்கெட் நீட்டுகிற மாதிரி. அவன்மேல் தப்பில்லை, பாவம், அவனுக்கு இவர் யாரென்றே தெரியாது. பட்டியலில் இருக்கிற பேருக்கு ஒரு கவர், அவ்வளவுதான். அவர் கத்துவார் என்று ஹேமலதா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கவரைப் பார்த்தார், காகிதத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார், வேண்டாம் தம்பி என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதற்கு நடுவில் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில் இவள் கண்ணில் ஒன்று பட்டுவிட்டது. அறிவுடைநம்பி, எதிரில் உறுதி. அடுத்த வரி ஹேமலதா, எதிரில் ஒரு கேள்விக்குறி. வளைந்து, கீழே புள்ளி வைத்து, நிதானமாகப் போட்ட கேள்விக்குறி. இத்தனை வருஷமும் இப்படித்தான் போட்டிருக்கிறார். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே டப்பா மாத்திரையைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தேர்தலுக்குத் தேர்தல் கேள்விக்குறி. நேர்மையான மனுஷன். உறுதி என்று எழுதியிருந்தால் அது பொய்க் கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வரிசையில் நின்றுகொண்டே, வெயிலில். ரமீஜா திரும்பிப் பார்த்ததும் இருமலாக்கிக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்கும் இந்த அரசியலுக்கும் என்ன சம்பந்தம். அவளுடைய முதல் தேர்தல் எட்டாம் வகுப்பு லீடர் தேர்தல், சாக்பீஸ் டப்பாவில் சீட்டுப் போட்டார்கள், சிஸ்டர் டப்பாவைத் திறக்காமலேயே ரோஸ்மேரி ஜெயித்துவிட்டாள் என்று அறிவித்தார். அந்த டப்பா அதற்கப்புறம் சாக்பீஸுக்கே பயன்பட்டது. அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு கல்யாணம். பிறந்த ஏழாம் நாள் ரயிலடியில் ஒரு தலைவர் கையில் கொடுத்துப் பேர் வாங்கின மாப்பிள்ளை, தாலியெடுத்துக் கொடுக்க ஐயர் கிடையாது, மைக்தான். பதினோரு பேர் பேசினார்கள். மணமக்களை வாழ்த்த வந்தவன் ஒருத்தன் விலைவாசியைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினான், இன்னொருத்தன் எதிர்க்கட்சிக்காரன் குடும்பத்தையே இழுத்தான், இவள் மாலை கழுத்தை அறுக்க, பசி காதை அடைக்க, நடுவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இவர் கைதட்டிக்கொண்டிருந்தார். தன் கல்யாணத்தில் தானே கைதட்டின ஒரே மாப்பிள்ளை. அப்புறம் சால்வைகள். உழைப்புக்குக் கட்சி கொடுத்தது பதினேழு சால்வை, எல்லாம் வழுக்குகிற நைலான், ஜரிகை மட்டும் குத்தும். ஒன்று வாஷிங்மெஷினுக்கு, ஒன்று மிக்ஸிக்கு, ஒன்று தையல் மிஷினுக்கு, நம்ம வீட்டு சாமான் எல்லாம் பெரிய தலைவருங்க என்று அவள் சொல்லும்போது அவரும் சிரிப்பார். கடைசிச் சால்வைக்குத்தான் அவர் சிரிக்கவில்லை. போன மாதம் வந்தது, வட்டச் செயலாளர் கொண்டுவந்து போர்த்தினார், இனி நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே, பூத்துக்குச் சின்னப் பசங்களைப் போட்டுக்கிறோம் என்று. அதை அவள் எதற்கும் போர்த்தவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டாள், வைத்த இடத்தை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வரிசை நாலடி நகர்ந்து நின்றது. கவர் வந்த அன்று ராத்திரிச் சாப்பாடானதும் அவர் தானாகவே மகனுக்குப் போன் போட்டார். அதுதான் பயம், இந்த மூன்று நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் அதுதான், மற்றதெல்லாம் சும்மா மேலே அடிக்கிற காற்று. இளஞ்சேரல், கடல் தாண்டிப் பிராம்ப்டனில் இருக்கிறான், அங்கே அவன் பேர் இளன், இரண்டு வருஷமாக வாங்கப்பா வாங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், அவர் அதற்கு ஒரே பதில்தான் சொல்வார், எலெக்ஷன் முடியட்டும்டா. ஏதாவது ஒரு தேர்தல் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும், அந்தத் தைரியத்தில் இவள் பேசாமல் இருந்தாள். அன்றைக்கு அவர், "எலெக்ஷன் முடியவேணாம், நீ ஆக வேண்டியதைப் பாரு. இங்க எனக்கு இனி வேலை இல்ல" என்றார். மகனுக்குச் சந்தோஷம். பேஸ்மென்ட் இருக்கும்மா, தனி பாத்ரூம், ஹீட்டர் எல்லாம் இருக்கு. பேஸ்மென்ட் என்றால் என்ன என்று அவன் வீடியோவில் காட்டியிருக்கிறான். தரைக்குக் கீழே ஒரு அறை, கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், அதில் தெரிவது பனியும் போகிறவர்களின் பூட்ஸும். பூட்ஸைப் பார்த்து இவர் என்ன குறி போடுவார். ஆயிரத்து நூறு பேரைத் தெரிந்த மனுஷனுக்கு அங்கே தெரிந்த பேர் நாலு, அதில் ஒன்று நாய். போவதற்கென்றே மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுக்கவைத்த பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் நீல உறைக்குள் கிடக்கிறது, இரண்டும், ஒரு முத்திரை விழாமல். அதில் அவர் முகத்தைப் பார்த்தால் கைதி மாதிரி இருக்கும், சிரிக்கக்கூடாது என்று போட்டோக்காரன் சொல்லிவிட்டான். போனால் போகலாம். நியாயமாகப் பார்த்தால் இங்கே என்ன இருக்கிறது. தெருவில் பாதி வீடு பூட்டு. ஏரியை மூடி மனை போட்டவன்தான் வேட்பாளர், அவனை எதிர்த்து நிற்கிறவன் அந்த மனைக்குத் தரகன். மூன்று வருஷமாக ஏப்ரலிலேயே போர் வற்றுகிறது, லாரித் தண்ணீருக்கு அடிதடி, இன்னும் பத்து வருஷத்தில் இங்கே குடிப்பதற்கு என்ன இருக்கும், யார் இருப்பார்கள். படித்த பிள்ளைகள் எல்லாம் யாரோ ஆர்டர் போட்ட சாப்பாட்டைப் பையில் கட்டிக்கொண்டு பைக்கில் பறக்கின்றன. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா. அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு நம்பிக்கையும் கிடையாது, அதனால் ஏமாற்றமும் கிடையாது. ஆனால் நம்பிக்கையெல்லாம் அவரிடம் இருக்கிறது, நமக்கு எதற்கு இரண்டாவதாக ஒன்று என்று வீட்டில் ஒரே குடை வைத்துக்கொள்கிற மாதிரி இருந்துவிட்டாள் போலிருக்கிறது. அவர் அதை மடக்கிப் போட்டதும் தலைமேல் சுடுகிறது. இன்றைக்கு ஓட்டுப் போட வராதவர் நாளைக்குச் செய்தித்தாளை நிறுத்துவார், மறுநாள் சவரத்தை நிறுத்துவார், விசா வந்ததும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொன்ன ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார். தூக்கிட்டுப் போறது என்பது அதுதான். மறுபடியும் அந்தச் சொல். போ அங்கிட்டு.

ஒன்பதரைக்கு வாசல் வந்தது. உள்ளே இரண்டாம் வகுப்பு, சுவரில் யானையும் எறும்பும், குட்டை பெஞ்சில் ஏஜென்ட்கள் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நம்பியின் இடத்தில், ஜன்னலோரத்தில், புதுப் பையன். கையில் ஸ்கேலும் பென்சிலும். பரவாயில்லை, பேனா இல்லை, பென்சில். யாரோ சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் அதிகாரி அட்டை கேட்டார். அவள் ரப்பர் பேண்டைப் பிரித்து மேலே இருந்ததை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "மீசை எடுத்துட்டீங்களாம்மா" என்றார். பெஞ்சு பூராவும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கட்டைத் திருப்பினாள். நம்பியின் வாக்காளர் அட்டை, அவர் ஆதார், அவர் பான் கார்டு, அதற்கு அடியில் தன்னுடையது மூன்றும். இத்தனை வருஷமாக இரண்டு பேருடையதும் ஒரே ரப்பர் பேண்டில்தான், ஒன்றாக வருவோம் ஒன்றாகப் போவோம் என்று அவர் போட்ட ஏற்பாடு. கோபத்தில் கட்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அவர் முகம் போட்ட ஒரு காகிதம் இல்லை. லைசென்ஸ் கண் ஆபரேஷனோடு போயிற்று, பாஸ்புக்கில் போட்டோ எப்போதோ உதிர்ந்துவிட்டது. வருகிற எண்ணம் ஒரு கடுகளவு இருந்திருந்தாலும், எழுந்து வந்து ஃப்ரிட்ஜ் மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்திருந்தாலும், வெறும் தகரம். அவருக்கு எதிராக வேலை செய்தது எதிர்க்கட்சி இல்லை, இவள். புதுப் பையன் பட்டியலில் அவள் பேரைக் கோடிட்டுவிட்டு, அய்யா வரலையாம்மா என்று மெதுவாகக் கேட்டான், அதற்கும் அவளிடம் வேறு பதிலில்லை, பின்னாடியே வர்றார். விரலில் மை சில்லென்று இறங்கியது. கையெழுத்துப் போட்டாள், அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். எந்தப் பொத்தான் என்று போன வாரமே முடிவு பண்ணியிருந்தாள், முடிவு மாறவில்லை, அதை அவரிடம் சொல்லப்போவதும் இல்லை, கேள்விக்குறி அதன் இடத்தில் இருக்கட்டும். நீளமாக ஒரு பீப். கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்து விழுந்தது. அதை நின்று பார்க்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

ஆட்டோவுக்குத் தடுப்பைத் தாண்டி மெயின்ரோடுவரை நடக்கவேண்டியிருந்தது, நூறு மீட்டருக்குள் வண்டி வரக்கூடாதாம், முழங்காலுக்கு அந்தச் சட்டம் தெரியுமா. ஆட்டோக்காரர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனார். சீக்கிரம் போங்க என்றாள், போய்க்கிட்டுத்தான்மா இருக்கேன் என்றார். போய்ச் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவள் கட்டிப் பார்த்தாள். இந்தாங்க உங்க அட்டை, தப்பு என் மேல. இது நன்றாக இல்லை. இந்தாங்க, உங்க எடத்துல ஒரு பொடியன் உட்கார்ந்திருக்கான், அவன் டிக் பண்றது சரியான்னு போய்ப் பாருங்க. இது பரவாயில்லை. அல்லது ஒன்றுமே சொல்லாமல் அட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். இல்லை, அழுதுவிடுவேன் என்று தோன்றினால் கண்டிப்பாக அடுப்படிதான். தெரு திரும்பியதும் எட்டிப் பார்த்தாள். கேட்டில் பூட்டு.

ஆட்டோக்காரர் கையில் காசைத் திணித்துவிட்டு இறங்கினாள். எங்கே. யார் கூட்டிக்கொண்டு போனார்கள். தூக்கிட்டு. மீட்டர் பெட்டிக்குள் கைவிட்டாள், சாவி வழக்கமான ஆணியில் இருந்தது. அவசரத்தில் போகிறவர்கள் சாவியை ஆணியில் மாட்டமாட்டார்கள், இல்லையா, இல்லையா. திறந்தாள். மின்விசிறி நிறுத்தியிருந்தது, டிவி நிறுத்தியிருந்தது, தள்ளிவைத்த தட்டில் இட்லி இல்லை, தட்டு கழுவிக் கவிழ்த்தியிருந்தது. ஈசிசேர் காலி. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் காலையில் இரண்டு பேர் பூத் சிலிப்பும் இருந்தது, இப்போது இவளுடையது மட்டும் தனியாகத் தொங்கியது. சிலிப் மட்டும் செல்லாதே, உள்ளே விடமாட்டானே, அது அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டே படுக்கையறைக்குள் போனாள். பீரோ கதவு பாதி திறந்திருந்தது. பட்டுப்புடவைகள் ஒரு ஆம்பளை கலைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. நீல உறை கட்டில்மேல், அவள் பாஸ்போர்ட் அதற்குள், அவருடையது இல்லை. விசாக்காரனிடம் போய்விட்டாரோ என்று ஒரு நொடி நினைத்தாள். இன்றைக்கு எவன் கடை திறந்திருப்பான், ஊரே லீவு. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கைதி முகம் போட்ட அந்தப் புத்தகத்தை, போவதற்கென்று எடுத்ததை, கையில் பிடித்துக்கொண்டு ரேஷன்கடைச் சந்து வழியாக நடந்துபோய், இந்நேரம் யானைக்கும் எறும்புக்கும் கீழே நீட்டியிருப்பார். அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். செல்லும் சார், லிஸ்ட்ல இருக்கு பாருங்க என்று இவர் நம்பரோடு சொல்வார். புதுப் பையன் எழுந்து நின்றாலும் நிற்பான். ஓட்டுப் போட்டானதும் வெளியே வரமாட்டார், ஜன்னலுக்கு வெளியே நின்று அவன் எங்கே கோடு போடுகிறான் என்று எட்டிப் பார்ப்பார், போலீஸ்காரர் வந்து போகச் சொல்லும்வரை. அலமாரிக் கொடியில் தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையும் இல்லை. உள்ளே மடித்து வைத்திருந்த கடைசிச் சால்வையை மட்டும் எடுத்து வெளியே போட்டிருந்தார், கண்டுபிடித்துவிட்டார், மனுஷன். அவள் அதை எடுத்துப் பிரித்தாள். டிவிக்குச் சரியாக இருக்கும். கூடத்தில் அவர் போன் அடித்தது, அவரும் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார், இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில். திரையில் இளன் என்று வந்தது. அடித்து ஓயட்டும், சாயங்காலம் அவரே பேசுவார், எலெக்ஷன் முடியட்டும்டா என்று சொன்னாலும் சொல்வார், இது முடிந்தால் உள்ளாட்சி இருக்கிறது. அவள் விசிறியைப் போட்டாள். வியர்வை அடங்க அடங்க உடம்பு முழுக்க ஒரு சோர்வு இறங்கியது, காய்ச்சல் விட்ட மாதிரி. காபி குடிக்கலாம் என்று எழுந்தாள், பாத்திரத்தைத் திறந்தாள், பால் திரிந்திருந்தது. வாசல் பக்கமாகத் திரும்பி, காலி ஈசிசேரைப் பார்த்து, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"என்னங்க, வர்றப்ப அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க."